விண்ணப்பம் எண் பதினொன்று

நாலு மணிக்குக் கூடியது சபை.
கியூர்பிப்பில் நாலு மணி என்றால்
நமக்கு முன்பே மழை வந்து உட்கார்ந்திருக்கும்.
நான் குறிப்பெடுப்பவள்.
ஊறிப்போன இடது செருப்பை
மேசைக்கடியில் கழற்றி வைத்திருந்தேன்.
அது குறிப்பில் இல்லை.

முதலில் மருந்துக்கடையின் பச்சைச் சிலுவை.
விடிய விடிய மினுங்குகிறது,
எதிர்வீட்டுக் குழந்தை தூங்குவதில்லை என்று புகார்.
பத்து மணிக்கு மேல் மினுங்காமல் எரியலாம்
என்று முடிவாயிற்று.

அடுத்து சவப்பெட்டிக் கடை.
'இருபத்து நான்கு மணி நேரமும்' என்று
நியானில் எழுத அனுமதி கேட்டிருந்தார்கள்.
யாரோ இருமினார்கள்.
தள்ளிவைக்கப்பட்டது.

பிறகு பதினொன்று:
மிரேய் வைத்திலிங்கம்.
பொத்தான், நூல், ஜிப் விற்பவள்.
ரெஜிஸ்தரில் அவள் பெயருக்கு மூன்று எழுத்துக்கூட்டல்,
மூன்றிலும் கையெழுத்திட்டிருக்கிறாள்.

சுவரிலிருந்து அறுபது சென்டிமீட்டர் நீளலாம்
என்கிறது விதி.
அவளுடைய தகரப் பலகை
நடைபாதைக்கு மேலே சற்றே சாய்ந்து
ஒரு மீட்டர் எண்பது போகிறது,
சிவப்பில் குடும்பப் பெயரோடு.

ஆய்வாளர் சூக்னா படம் காட்டினார்.
பலகை தெரிந்தது.
பலகைக்குக் கீழே சீருடையில் ஆறு பிள்ளைகள்,
பஸ்ஸுக்கு நிற்கும் மில் பெண்கள் நால்வர்,
தால் பூரியை நனையாமல் பிடித்தபடி ஒருவர்,
அவரையே பார்க்கும் நாய்.
"ஆட்களை விட்டுவிட்டுப் பாருங்கள்" என்றார் சூக்னா.
பார்த்தோம்.
முடியவில்லை.

இது பலகையா, கூரையா?
கேட்டவர் லத்தூர் அம்மையார்.
கூரை என்றால் கட்டடக் குழுவுக்குப் போக வேண்டும்.
கட்டடக் குழுவும் நாங்களேதான்,
வேறொரு செவ்வாய்க்கிழமையில்.

ஒருத்திக்குக் கொடுத்தால்
தெருவே வந்து நிற்கும் என்றார் அப்பாவு.
இப்போதே நிற்கிறதே என்றது ஒரு குரல், பின்வரிசையிலிருந்து.
ஆ-கோங் வாக்களிப்பிலிருந்து விலகிக்கொண்டார்:
அவருக்குக் குடைக்கடை.

விண்ணப்பதாரர் பேசலாம் என்றார்கள்.
மிரேய் எழுந்தாள்.
"அவர்கள் ஒரு பொத்தான்கூட வாங்குவதில்லை, ஐயா.
வாசலை மறைக்கிறார்கள்.
போன ஜூலையில் நானே வெட்டிவிடலாமென்று
ஏணி வைத்து ஏறினேன்.
கீழே நின்றவர்கள்
ஏணியைப் பிடித்துக்கொண்டார்கள்,
நான் விழுந்துவிடக் கூடாதென்று.
அப்புறம் எப்படி வெட்டுவது?"

மேயர் என் பக்கம் குனிந்தார்.
"மழையைக் குறிப்பிலிருந்து எடுத்துவிடுங்கள்.
விதியில் மழை இல்லை."
எடுத்தேன்.
ஒன்றரைப் பக்கம் போயிற்று.

கடைசியில் வழி கண்டுபிடித்தது சூக்னாதான், பாவம்,
எதிர்த்துப் பேச வந்தவர்.
எழுத்து இருந்தால்தான் பலகை.
எழுத்தைச் சுரண்டிவிட்டால் வெறும் தகரம்.
தகரம் எவ்வளவு நீளலாம் என்று
நம் விதிப்புத்தகம் எங்கும் சொல்லவில்லை.
ஐந்துக்கு மூன்று.
சுரண்டும் செலவு விண்ணப்பதாரருடையது.

மறு வாரம் வேலை முடிந்து போகையில்
பிடித்துக்கொண்டது.
ஓடி அதன் கீழ் ஒதுங்கினேன்.
மேலே சாம்பல் நிறம், ஒரு கீறல் சிவப்பு.
பக்கத்தில் ஒரு பெண் போனில் கத்திக்கொண்டிருந்தாள்:
"வைத்திலிங்கத்துக்குக் கீழேதான் நிற்கிறேன், வா!"

சுரண்டியவன் அழுத்திச் சுரண்டிவிட்டான் போல.
பெயரின் நடுவே ஏதோ ஓர் எழுத்து இருந்த இடத்தில்
துளை விழுந்து
நேராக என் கழுத்தில் சொட்டியது.
போன் பேசியவள் பேச்சை நிறுத்தாமல்
அரையடி நகர்ந்து
எனக்கு இடம் விட்டாள்.