ஒப்பீட்டுச் சுவர்

முழு நிறமாலையையும் பார்க்கிற கமரா
எங்கட ஆய்வுகூடத்துக்கு எட்டாத விலை.
ஆகவே றெஜினோல்ட்
பழைய சைக்கிள் சில்லு ஒன்றின் ஹப்பில்
பத்துத் துளையிட்ட தகட்டைப் பூட்டினான்.
ஒன்பதில் வடிகட்டிகள்:
நீலத்தில் தொடங்கிச் சிவப்பு வரைக்கும் ஐந்து,
கண் கைவிடுகிற இடத்துக்கு அப்பால் நாலு.
பத்தாவது வெறும் ஓட்டை.
காசு முடிஞ்சு போச்சு.

ஒன்பது சாம்பல் படங்கள்.
ஒவ்வொரு புள்ளிக்கும் ஒன்பது எண்கள்.
அந்த ஒன்பதிலிருந்து நூற்றுச் சொச்சத்தை ஊகித்து,
ஊகித்ததைப் பிரித்து,
சீமெந்து இவ்வளவு, மணல் இவ்வளவு,
சுண்ணாம்பும் ஈரமும் இவ்வளவு என்று சொல்லலாம்.
கூட்டினால் ஒன்று வரவேண்டும்.
எதுவும் பூச்சியத்துக்குக் கீழே போகக்கூடாது.
சட்டம் இவ்வளவுதான்.
மற்றதெல்லாம் பழக்கம்.

பருத்தித்துறையில் ஒரு பள்ளிக்கூடச் சுவர்
உரிந்து கொட்டிக்கொண்டிருந்தது.
முறைப்பாடு எழுத
நல்ல சுவர் ஒன்று வேண்டும், ஒப்பிட.
நல்ல சுவருக்கு எங்கே போவது?
கமராவைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.
கரவெட்டி. வங்கிக் கடன், இருபது வருசம்.
கட்டித் தந்தது குகானந்தன் அத்தான்.
பில் இப்பவும் கோப்பில் கிடக்கு:
ஆற்றுமணல், பதினேழு கியூப்.

ஹலோஜன் விளக்கைச் சாய்த்து வைத்துத்
தகட்டைத் திருப்பினேன்.
டக். டக்.
எட்டாவது வரைக்கும் சுவர் சுவராகத்தான் நின்றது.
ஒன்பதாவது, தொள்ளாயிரத்து எழுபது நனோமீற்றர்,
தண்ணி வெளிச்சத்தைக் குடிக்கிற இடம்.
அங்கே கறுத்தது.
யன்னலுக்குக் கீழே, இடுப்பளவு உயரத்துக்கு,
ஆரோ ஈரச் சீலையை ஒற்றி எடுத்த மாதிரி.
பங்குனி வெயில். மழை பெய்து ஒன்றரை மாதம்.

உப்புக்கு இந்தக் கமராவில் முகம் இல்லை.
அது பிடித்து வைத்திருக்கிற தண்ணிதான் தெரியும்,
கடன்பட்டவனை
அவன் படலையில் நிற்கிற ஆக்களை வைத்துக் கண்டுபிடிக்கிற மாதிரி.

அத்தானுக்குப் போன் எடுத்தேன்.
"கடல்மணலோ?"
"சிப்பித் துகள் கண்டனியோ?" என்றார், கெட்டிக்காரர்.
"கண்டாலும் என்ன? யாழ்ப்பாணம் முழுக்கச் சிப்பிதானே.
கிணறு வெட்டினால் சிப்பி. கல்லுடைத்தால் சிப்பி."

உண்மை.
சுண்ணக்கல்லும் சிப்பியும் ஒரே பொருள்;
என் ஒன்பது துளைக்கும் அவை ஒன்றுதான்.
கணக்கும் அவர் பக்கம் சாய்ந்தது:
மணல் நாற்பத்தொரு வீதம்,
பிழை, கூட்டியோ கழித்தோ பதினொன்று.
பதினொன்றுக்குள்
ஒரு குடும்பம் தாராளமாகக் குடியிருக்கலாம்.

போனை வைத்தேன்.
ஒருத்தரும் பார்க்கவில்லை.
சுவரை நக்கினேன்.

ஓம்.

பிறகு தகட்டைப் பத்தாவதுக்குத் திருப்பினேன்.
எல்லா வெளிச்சமும் ஒன்றாக வந்து விழுந்தது.
வெள்ளைச் சுவர், குடிபூரலுக்கு அக்கா தந்த மணிக்கூடு,
அதற்கு அத்தானே அடித்த ஆணி.
வடிவாய்த்தான் இருந்தது.

அறிக்கையில் எழுதினேன்:
ஒப்பீட்டுச் சுவர் இன்னும் கிடைக்கவில்லை.