உள்ளுறை

டண்டீயின் சரிவுத் தெரு ஒன்றில்
இன்னஸ் லோரிமர் வீட்டுப் பக்கச்சுவர்
ஜனவரி முழுக்க மூச்சு விட்டது.
வெள்ளையாக, பால் பொங்கினாற்போல.

சந்துக்கு அந்தப்பக்கத்து ஷீனா கில்மூர் வந்து நின்றாள்:
"புது பாய்லரா இது? புகைகிறது.
என் அடுக்களை ஜன்னல் நாளெல்லாம் ஈரம்.
பழையது இப்படியா செய்தது?"

செய்யவில்லைதான்.
பழையது வாயை மூடிக்கொண்டு
கொதிக்கக் கொதிக்க வானத்துக்கு வாரிக் கொடுத்தது.
புகைந்ததெல்லாம் பில்தான்,
மேசை இழுப்பறைக்குள்.

ரோனா பீரி வந்தாள். பழுது பார்ப்பவள்.
முழங்காலிட்டு மூடியைக் கழற்றினாள்.
கழிவு நீர்க்குழாயின் வாயில்
ஒரு தேநீர்க் கோப்பையை ஏந்தி
பத்து நிமிடம் காத்திருந்தாள்.
கோப்பை காய்ந்தே இருந்தது.
"ம்," என்றாள்.

வாயு எரிந்தால் தண்ணீர் பிறக்கும்.
சொன்னால் யாரும் நம்புவதில்லை.
ஒவ்வொரு நீலச் சுடரும்
அடுப்பளவு மேகம்.
அந்த நீர் ஆவியாய்ப் போகும்போது
நாம் காசு கொடுத்த சூட்டில் பத்தில் ஒன்றை
முந்தானையில் முடிந்துகொண்டு போகிறது.
உள்ளுறை வெப்பம் என்பார்கள் அதை.
(பாட்டு சொல்லாமல் வைத்திருப்பதற்கும்
உள்ளுறை என்றுதான் பெயர்.
யார் யாரிடம் கடன் வாங்கினார்களோ.)

முடிச்சு தானாக அவிழாது.
குளிர்ந்த ஒன்றின் மேல் சாய வேண்டும்.
அதனால்தான்
அறை அறையாய்ச் சூட்டைக் கொடுத்துவிட்டு
களைத்துத் திரும்பும் தண்ணீரை
ஆவி வெளியேறும் வழியில் மறித்து வைக்கிறார்கள்.
தொட்டதும் ஆவி துளியாகும்.
வைத்திருந்ததை விட்டுவிடும்.

"ஆனால் உன் தண்ணீர் களைக்கவே இல்லையே,"
என்றாள் ரோனா.
"எண்பதில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான் பொருத்தியவன்.
திரும்பி வரும்போதும் அறுபதுக்கு மேல்.
ஐம்பத்தைந்துக்குக் கீழே வந்தால்தான் இது வேலை செய்யும்.
பெயரில் மட்டும் சிக்கனம்."
பொத்தானை அழுத்தினாள், அழுத்தினாள்.
ஐம்பத்தைந்து.

இன்னஸ் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தான்.
"வெதுவெதுப்பு. இதற்கா பணம்?"
"தொடாதே. உட்கார்.
அணைத்து அணைத்துப் போடாமல்
மெல்ல எரியவிடு."
சுவரில் இருந்த வெப்பமானி
பத்தொன்பதிலேயே நின்றது, ஒரு பிடிவாதக்காரனைப் போல.
ரோனா கிளம்பும்போது கோப்பையில்
டக்.
கொஞ்சம் பொறுத்து, டக்.

பிப்ரவரியில் டே நதியே உறையும்போல் ஒரு இரவு.
கடைசிப் பேருந்தை நிறுத்திவிட்டு
நாலரை மணிக்கு வந்தான் இன்னஸ்.
வீடு இருட்டாக, விறைப்பாக.
பாய்லர் வயிற்றுக்குள் களக் களக்,
சிவப்பு விளக்கு.
சொட்டிய நீரெல்லாம்
வெளிச்சுவரின் மெல்லிய குழாயில்
பனிக்கட்டியாய் அடைத்துக்கொண்டிருந்தது.

கெட்டிலில் பாதி, பச்சைத்தண்ணீர் பாதி கலந்து
குழாய் மேல் ஊற்றிக்கொண்டிருந்தவனைப் பார்த்து
ஷீனா இரவு அங்கியோடு இறங்கி வந்தாள்.
கையில் தன் படுக்கையிலிருந்து உருவிய
வெந்நீர்ப் பை.
அதைக் குழாயோடு சேர்த்து அணைத்தபடி கேட்டாள்:
"இவ்வளவும் எதற்கு? தண்ணீருக்கா?"
"குடித்துவிடாதே, புளிக்கும்."
"ஜன்னல் இப்போது பரவாயில்லை," என்றாள்,
ஏதோ குற்றம் சாட்டுவதுபோல.

உள்ளே எதுவோ நழுவியது.
மடமடவென்று சாக்கடையில் விழுந்தது.

குழாயைத் தடியாய் மாற்றி, பஞ்சுறை போட்டு,
ரோனா அனுப்பிய கணக்கை
இழுப்பறையில் வைத்தான்.

இப்போது அவனுக்கு ஒரு கெட்ட பழக்கம்.
பெர்த் ரோட்டில் வண்டி ஊரும்போது,
மேல்தளத்தில் யாரோ ஒருவர் தூங்கிக்கொண்டிருக்க,
வீட்டுச் சுவர்களின் வெள்ளை மூச்சை
ஒவ்வொன்றாய் வாசிக்கிறான்:
எண்பது.
எண்பது.
இதோ, ஒரு எழுபது.
இந்த மெலிந்த நூல்
யார் வீடோ.