சதுரத்துக்குள் சதுரம்

மூன்று நாற்பதுக்கு அலாரம்.
ஐந்து மணிக்கு முதல் பேருந்தை
டிப்போவிலிருந்து நான் எடுக்க வேண்டும்.
நடுவில் ஒரு குளியல்.
டிக் டிக் டிக் டிக் என்று
பற்ற மறுக்கும் கேஸ் ஹீட்டர்.
தலையில் ஷாம்பு.
ஈசூனில் பனி பெய்யாது, உண்மைதான்;
அந்த நேரத்துத் தண்ணீர் அதை நம்புவதில்லை.

ஒரு வருடம் உழைக்கும் என்று
அட்டைப் பெட்டியில் போட்டிருக்கும்.
எங்கள் வீட்டில் ஐந்து தலை.
நான்கே மாதத்தில்
இரண்டு குண்டு பேட்டரிகளும் சோர்ந்துவிடும்.

சுவருக்குள் இருநூற்று முப்பது வோல்ட்
சும்மா நிற்கிறது,
இங்கே மூன்று வோல்ட்டுக்குத் தவமா
என்று இணையத்தில் ஓர் அடாப்டர் வாங்கினேன்.
நாலு வெள்ளி எண்பது காசு.
பேட்டரி வேடம் போட்ட
இரண்டு பிளாஸ்டிக் உருளைகள் இலவசம்.

கனிமதிக்கு ஆங் மோ கியோவில் வேலை,
பவர் சப்ளைகளைச் சோதிப்பது.
நாளொன்றுக்கு நானூறு.
வீட்டுக்கு வந்தால்
மின்விசிறி கத்தினாலும் திரும்பிப் பார்க்கமாட்டாள்.
அன்று பார்த்தாள்.
மீட்டரின் இரு முனைகளை வைத்தாள்.
மூன்று என்று எழுதியிருந்த இடத்தில்
நான்கு புள்ளி ஏழு.

"இது அடாப்டர் இல்ல, வதந்தி."

கூட இருந்தால் என்ன, என்றேன்.
ஸ்க்ரூடிரைவரால் அதன் வயிற்றைப் பிளந்தாள்.
"ஹீட்டரோட மூளை வறுபட்டுப் போகும், அதைக்கூட விடு.
இந்த ரெண்டு சுருளும்
ஒண்ணை ஒண்ணு தொடாம உட்காந்திருக்கணும்.
நடுவுல இடத்தைப் பாரு, நகம் நுழையாது.
தொட்டுச்சுன்னா மூணு வராது.
சுவர்ல இருக்கறது மொத்தமா வரும்.
நீ ஈரமா நிப்பே."

கடைசி வரியை
அவள் சத்தமாகச் சொல்லவில்லை.
எங்களைக் கொல்லும் அளவுக்குக் கோபமில்லாத
அந்தக் குண்டு பேட்டரிகள் மேல்
அப்போதுதான் எனக்கு மரியாதை வந்தது.

சனிக்கிழமை திரு குவெக் வந்தார்.
உரிமம் பெற்ற கேஸ்காரர்,
கழுத்தில் அட்டை, சாக்ஸில் ஓட்டை.
மாடல் எண்ணை டார்ச் அடித்துப் படித்தார்.
இதற்கு நிறுவனமே அடாப்டர் விற்கிறது,
எல்லா மாடலுக்கும் கிடையாது,
இல்லாவிட்டால் பேட்டரியோடு வாழப் பழகு என்றார்.
ஐம்பத்தெட்டு வெள்ளி.

நான் முகம் சுளிக்குமுன்
கனிமதி அதைக் கவிழ்த்துக் காட்டினாள்.
பாதுகாப்பு முத்திரை. பக்கத்தில்
ஒரு சதுரம்.
அதற்குள் இன்னொரு சதுரம்.
இரட்டைக் காப்பு என்று பொருளாம்.
ஒரு சுவர் விழுந்தாலும்
உள்ளே ஒரு சுவர் நிற்கும்.

அவர் முதலில் பேட்டரிகளை வெளியே எடுத்தார்;
இரண்டு மின்சாரமும் ஒரே வீட்டில் ஒத்துப்போகாது.
பிளக் உயரத்தில்,
கழுவுதொட்டியின் தெறிப்பு எட்டாத சுவரில்.
கம்பியை விறைப்பாக இழுத்துக் கட்டப் போனேன்.
கையைத் தட்டிவிட்டு
ஒரு தொய்வு விட்டார்.
நீர் வழிந்து வந்தால்
அந்தப் பள்ளத்திலேயே சொட்டிவிடும்,
மேலே ஏற அதற்குத் தெரியாது.

செருப்பு மாட்டும்போதும்
ஜன்னலை மூடாதே, ஜன்னலை மூடாதே என்றார்.
அது மின்சாரத்துக்கு இல்லை,
நெருப்பு மூச்சு விட.

மின்தடைக்கு என்று
இரண்டு பேட்டரிகள் டிராயரில் கிடக்கின்றன.

திங்கட்கிழமை, மூன்று ஐம்பது.
ஒரே டிக்.
ஹுப் என்று ஒரு நீலம்.
உள்ளறையில் கட்டில் கிறீச்சிட்டது.
"பத்திக்கிச்சா?"

இத்தனை வருடமும்
தூங்குகிறாள் என்றே நினைத்திருந்தேன்.
படுத்தபடி எண்ணுவாளாம்.
ஏழு டிக் வரை பொறுப்பாள்.
எட்டென்றால் எழுந்து தண்ணீர் கொதிக்க வைப்பாள்.

குளியலறை வாசலில் சில நாள்
ஒரு கெட்டில் இருந்ததுண்டு.
இரவே வைத்தது என்று நினைத்து,
விடியும்வரை ஆறாமல் இருந்ததற்காக
கெட்டிலைப் பாராட்டியிருக்கிறேன்.