லிஃப்ட் ஆய்வாளரின் இரவு அறிக்கை

பகலில் நான் லிஃப்டுகளைச் சோதிப்பவள்.
வூச் நகரத்துப் பழைய அடுக்குமாடிகளில்
கம்பி தேய்ந்திருக்கிறதா, கதவு கையைக் கடிக்குமா
என்று பார்த்துத் தாளில் மூன்றில் ஒன்றைச் சுழிப்பேன்:
தேறியது. தேறவில்லை. மறுபடி வருவேன்.

இரவில், ஒன்பதாம் மாடியில்,
ஹீட்டர்மேல் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு
அதே பேனாவால்
இல்லாத ஒரு ராஜ்ஜியத்துக்கு மதிப்பெண் போடுகிறேன்.

சுண்ணாம்புக் கோட்டை.
வாசலிலேயே பதினேழு முறை செத்தேன்.
ஆனாலும் குறை சொல்ல வாய் வரவில்லை.
வில்லாளி நிற்கும் மாடத்துக்குக் கீழே
நான்கு அம்புகள் ஏற்கெனவே குத்தி நின்றன,
பக்கத்தில் ஓட்டை விழுந்த ஒரு தலைக்கவசம்.
சொல்லிவிட்டுத்தான் கொன்றார்கள்.
பார்க்காமல் ஓடியது நான்.
எட்டு.

கண்ணாடி நூலகம் அழகு.
அழகு என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.
எந்தத் தாழ்வாரத்துக்கும் சொந்த முகம் கிடையாது;
ஒரே ஏணியை ஆறு தடவை ஏறியிருக்கிறேன்,
ஆறும் வெவ்வேறு ஏணியாம்.
ஐந்து. அதுவும் கூரை விரிசலில் இறங்கும்
அந்தச் சாயங்கால வெளிச்சத்துக்காக.

நச்சுச் சதுப்புக்கு இரண்டு.
மதியச் சாப்பாட்டில், பியெரோகியை முள்கரண்டியால் குத்தியபடி
ஜெமோவித் சண்டைக்கு வந்தான்.
"பயம் என்றால் மெதுவாகத்தான் நடக்கும், போக்னா."
மெதுவாக நடப்பது பயமில்லையடா,
முழங்கால்வரை சேறு. அவ்வளவுதான்.
அவன் ஒன்பது போட்டிருக்கிறான்.
அவன் கையெழுத்திட்ட லிஃப்டுகளை
இனி ஒருமுறை நானும் பார்க்க வேண்டும்.

மணிக்கூண்டு.
இரண்டு மணி நேரம் ஏறினேன்.
வழியில் கிணறு இல்லை
(செத்தால் கிணற்றடியில்தான் எழுவோம்).
குப்பியில் மருந்து தீர்ந்தது.
கேடயம் பிளந்தது.
உச்சியில் ஒரு கதவு, அதன்பின் ஒரு சங்கிலி.
இழுத்தேன்.
தரை இறங்கத் தொடங்கியது.
இறங்கி,
பாசி பிடித்த சுவர்களைத் தாண்டி இறங்கி,
நின்ற இடத்தில் யாரோ இருமும் சத்தம்.
தெரிந்த இருமல்.
முதல் நாள் இரவு, முதல் கிணற்றடியில்,
லாடம் அடித்துக்கொண்டிருந்தானே, அந்தக் கொல்லன்!
மூன்று வாரமாக அவன் தலைக்கு மேலேயேதான்
நான் அலைந்திருக்கிறேன்.

சிரித்தேன். அடுத்த வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார்.

குறிப்பு: எதிர் எடை இல்லை. அவசர பிரேக் இல்லை.
மேற்கூரை இல்லை. பக்கத் தடுப்பு இல்லை.
எந்தச் சட்டப்படியும் இதை ஓட விடக்கூடாது.
பத்து.

கடைசி, அரியணை மண்டபம்.
இதற்காகவா இத்தனை சாவு?
ஒரே வீரனை நான்கு இடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள்.
தரைக்கல் ஒவ்வொன்றிலும் அதே விரிசல், அதே கோணம்.
மாடிப்படி ஒன்று மேலே போய்ச்
சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிறது.
பேனா 'தேறவில்லை'க்குப் போய்விட்டது.

பவூத்தி பக்கம் ஒரு கட்டடம் உண்டு.
பொத்தான்கள் எட்டு, மாடிகள் ஏழு.
பாதியில் காசு தீர்ந்தது என்றார் காவலாளி.
எட்டாம் பொத்தானை யாரும் கழற்றவில்லை,
அழுத்தினால் இப்போதும் விளக்கு எரியும்.

படியேறிப் போய்ச் சுவரைத் தடவினேன்.
ஒன்றுமில்லை.
திரும்பும்போதுதான் கண்ணில் பட்டது:
கடைசிப் படியின் மூலையில், பாதி எரிந்த மெழுகுவத்தி,
அருகே பிய்த்த ரொட்டித் துண்டு.
ராஜ்ஜியம் முழுக்க வேறெங்கும் ரொட்டியே கிடையாது.
யாரோ வேலை முடியாமல்,
விடிவதற்குள் ஒப்படைத்தே ஆக வேண்டிய ஓர் இரவில்
வைத்துவிட்டுப் போனது.

எண் போடவில்லை.
மறுபடி வருவேன் என்பதைச் சுழித்தேன்.

சதுப்புக்கு அதே இரண்டுதான்.