கணவர் பெயர் எழுதும் நிரல்

மிட்வைஃப் தங்கச்சி,
உன் ஸ்கூட்டி விசுவமடு ஒழுங்கைக்குள் திரும்பும்போது
முதலில் கோழிகள் ஒதுங்கும், பிறகு நான்.
பக்கத்து வளவுச் சுகந்தினியிடம்
வேலிக்கு மேலால் கேட்கிறாய்:
ஊசியா, குளிசையா, அவர் உறை பாவிக்கிறாரா?
அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்.
"அந்தாள் அதெல்லாம் போடாது."
அந்தாள் தம்புள்ளைக்கு லொறி ஓடுகிறது,
வாரத்தில் நாலு இரவு வீட்டில் இல்லை.
அவளுக்கும் தெரியும், உனக்கும் தெரியும்.
கொப்பியில் ஏதோ எழுதிக்கொண்டு
என் படலையைத் தாண்டிப் போகிறாய்.

பிழை சொல்லவில்லை.
தகுதியுள்ள குடும்பம் என்றால்
உன் பதிவேட்டுக்கு ஒரு புருசன் வேண்டும்.
எனக்கும் இருக்கிறார்,
பந்தலில், லமினேட் பண்ணிய படத்தில்.
அவருக்கு இருபத்தெட்டு வயது.
எனக்கு நாற்பத்திரண்டு.
பொட்டு வைக்கிறேன். வைக்காவிட்டால்
அவர் இல்லை என்று நானே
கையெழுத்துப் போட்டதாகிவிடும்.
மரணச் சான்றிதழ் தருகிறோம் என்று மூன்று தரம் வந்தார்கள்.
மூன்று தரமும் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன்.

புதன்கிழமைகளில் மேசன் வருவார்.
பெயர் கேளாதே.
வீட்டுத்திட்டத்தில் எனக்கு அத்திவாரம் வெட்டியவர்.
சுவர் எழும்பி, கூரை ஏறி, காசு முடிந்த பிறகும்
பூச்சு மிச்சம் என்று வந்தார்.
பூச்சு இன்னும் மிச்சம்தான்.
ஒட்டுசுட்டான், மாங்குளம், அக்கராயன்,
வீட்டுத்திட்டம் எங்கேயோ அங்கே அவருக்கு வேலை.
வேலை எங்கேயோ அங்கேயெல்லாம்
பூச்சு மிச்சமா என்று நான் கேட்டதில்லை.
மனைவி என்றால் கத்தலாம்.

பதிலுக்கு வவுனியா பஸ் ஏறினேன்,
பந்தலுக்குக் கட்டும் அதே சீலையில்.
மூன்று பார்மசியைக் கடந்து நாலாவதில்
பனடோல் கேட்டேன். பிறகு சித்தாலேப.
பிறகு பெடியனின் முகத்தைப் பாராமல்
கண்ணாடிக்கு மேலால் விரல் வைத்தேன்.
லொத்தர் முடிவு போட்ட பேப்பரில் சுற்றித் தந்தான்.

ஒளிக்க இடமில்லை.
அரிசி வாளிக்குள் மகள் கை விடுவாள்.
சாமித்தட்டு, கூடாது.
கடைசியில் அவருடைய கோப்புக்குள் வைத்தேன்:
பொலிஸ் முறைப்பாடு, செஞ்சிலுவைக் கடிதம்,
ஆணைக்குழு தந்த இலக்கம்,
போட்டோக்கொப்பியின் போட்டோக்கொப்பி.
பதினாலு வருடமாய்
அதை ஒருவரும் திறந்து பார்ப்பதில்லை,
அரசாங்கமும்தான்.

அந்தப் புதன், கையில் கொடுத்தேன்.
காய்கிற சீமெந்துபோல முகம் இறுகியது.
"என்னில நம்பிக்கை இல்லையோ?"

நம்பிக்கை.
வட்டுவாகலில் ஒலிபெருக்கி சொன்னது,
"பேரைப் பதிஞ்சிட்டு விட்டிடுவம்."
நம்பித்தானே
அவர் விரல்களை என் விரல்களிலிருந்து
நானே கழற்றினேன்.
பிள்ளை இடுப்பில் கிடந்து அழுதது.
"போயிட்டு வாங்கோ" என்றேன்,
சந்தைக்கு அனுப்புகிற மாதிரி.

இதை மேசனுக்குச் சொல்லவில்லை.
"நம்பிக்கை இருக்கு. இதையும் போடுங்கோ" என்றேன்.
சாரத்தை உதறிக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.
இரண்டு புதன் வரவில்லை.
மூன்றாம் புதன் அரைப்பை சீமெந்தோடு வந்து
ஒரு கதையும் இல்லாமல்
அடுப்படிச் சுவரைப் பூசினார், இருட்டும் வரை.
கை கழுவும்போது மெல்லக் கேட்டார்,
"அதை எங்க வச்சிருக்கிறீர்?"

தங்கச்சி, மூன்றில் ஒன்றுதான் மிச்சம்.
வவுனியாவுக்குப் போய்வந்தால் ஒருநாள் கூலி போகும்.
அடுத்த முறை என் படலையிலும் ஹோர்ன் அடி.
மகளுக்கு இரும்புச்சத்துக் குளிசை கொடுக்க வந்தேன் என்று
சுகந்தினிக்குக் கேட்கச் சொல்லு.
என் பெயரைப் பென்சிலால் எழுது.
கணவர் என்ற நிரலில்
அவருடைய பெயரையே எழுது,
பேனையால்.