பத்துப் புள்ளி

டொக்யாட் வீதிக் கடையில் போன வருசம் வாங்கினது.
இலட்சத்து எண்பத்தேழாயிரம். பில் இருக்கிறது,
மீன் ஈரம் பட்டு எழுத்து ஊதாவாகி,
ஆனால் இருக்கிறது.
பெட்டியின் பக்கவாட்டில் பெரிதாக அச்சடித்திருந்தார்கள்:
5000 இடங்கள் குறித்து வைக்கலாம்.

நான் நூற்று நாற்பத்து மூன்றுதான் குறித்தேன்.
பாரைப்பார்.
வலை கிழிஞ்சது.
வலை கிழிஞ்சது இரண்டு.
நேவி மறிச்ச இடம்.
இஸ்மத் சத்தி எடுத்தது (அன்றைக்கு எண்பது கிலோ).
கொட்டியாரக் குடா வாயில் நிலம் பிளந்து
ஆழம் காட்டும் எண் வெறும் கோடாகிற இடத்துக்கு
'அடியில்லை' என்று பேர் வைத்தேன்.
ஒவ்வொரு புள்ளிக்கும் மண்ணெண்ணெய் எரித்திருக்கிறேன்.
அவர்கள் எரிக்கவில்லை.

திரை இரண்டு மாதமாய்க் கேட்டுக்கொண்டிருந்தது.
'ஒப்புக்கொள்கிறேன்', 'பிறகு நினைவூட்டு'.
வேண்டாம் என்றொரு பொத்தான் இல்லை.
ஒரு செவ்வாய், கொட்பேயில் மீன் இறக்கும் அவதியில்
செதில் ஒட்டிய பெருவிரலால்
எதை அமத்தினேன் என்று சத்தியம் பண்ணமாட்டேன்.

விடிய மூன்று மணி. சுவாமிமலை பின்னால் இருட்டு.
'உங்கள் அனுபவத்தை மேம்படுத்தியுள்ளோம்' என்றது.
பத்துப் புள்ளிகளைத் தெரிவுசெய்யச் சொன்னது.
மற்றதெல்லாம் சாம்பல் நிறம், பேர் இல்லை, தொட்டால் பூட்டு.
மாதம் நாலாயிரத்து ஐந்நூறு கட்டினால்
என் கடலை எனக்குத் திறப்பார்களாம்.

கொழும்புக்கு எடுத்தேன். நல்ல தமிழ் பேசினா அந்தப் பிள்ளை.
"மெசின் வேலை செய்யுதுதானே, சேர்?"
செய்யுது.
"அப்ப பழுது இல்லையே."
தங்கச்சி, நேற்று நான் உங்களுக்கு விளைமீன் வித்தன்.
இண்டைக்கு உங்கட குசினிக்குள்ள வந்து
கொதிக்கிற சட்டிக்குள்ள கையை விட்டு
நடுத்துண்டைத் திருப்பி எடுத்தா
பொலிசுக்குப் போவீங்களா, இல்லையா?
சிரித்தா.
பிறகு சிரிப்பை நிறுத்தி,
உரையாடல் பதிவுசெய்யப்படுகிறது என்றா.

கச்சேரியில் நுகர்வோர் முறைப்பாட்டுப் படிவம்.
பழுதடைந்தது. காலாவதியானது. கூடிய விலை. நிறை குறைவு.
நான்கு சதுரம். என் கதை ஒன்றுக்குள்ளும் இறங்கவில்லை.
உத்தியோகத்தர் திவ்வியநாதன் பேனையைக் கழற்றி மாட்டி
கழற்றி மாட்டி
தன் வீட்டு டீவியும் இப்படித்தான் என்றார்,
வாங்கும்போது இல்லாத விளம்பரம் இப்போது ஓடுதாம்.
திடீரென்று குனிந்து
நிறை குறைவுக்குச் சரி போட்டார்.
"ஐயாயிரம் எண்டு வித்தது, பத்துத்தான் இருக்கு.
அரிசி எண்டா என்ன, இது எண்டா என்ன?"
"தராசில வைக்கேக்க சரியா இருந்தது, ஐயா."
"வீட்டுக்குக் கொண்டுபோன பிறகு குறைஞ்சது
எண்டு எழுதுங்கோ."
எழுதினேன்.

விசாரணை பத்தொன்பதாம் திகதி.
அதுவரைக்கும் கடல் நிற்காது.
அணியத்தில் குந்தி இஸ்மத்தும் நானும் தெரிவுசெய்தோம்.
ஒன்பது வரைக்கும் சண்டை இல்லை.
பத்தாவதுக்கு அவன்
தான் சத்தி எடுத்த இடத்தைக் கேட்டான்.
நான் 'அடியில்லை'யைக் கேட்டேன்.
"அங்க என்ன மீனா கிடக்கு?"
இல்லை. ஒன்றும் இல்லை.
அவனுடைய இடத்தையே போட்டோம்.
'அடியில்லை' சாம்பலாகிப் போனதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினெட்டாம் திகதி இரவு
கட்டிலுக்குக் கீழிருந்து பெட்டியை இழுத்தேன், சாட்சிக்கு.
எலி ஒரு மூலையைத் தின்றிருக்கிறது.
ஒரு சுழியம் போய்விட்டது.
போகட்டும்,
எலிக்கும் ஒரு பங்கு.
நாளைக்கு ஐந்நூறு என்றே கணக்கைத் தொடங்குகிறேன்.
சொல்லட்டும், மீதி
நானூற்றுத் தொண்ணூறு எங்கே?