எல்லைக் கம்பி

உவர்மலைச் சரிவில், கழுவிக் கவிழ்த்த தாச்சி மாதிரி
கடலைப் பார்த்துக் கிடக்கிறது விடுதியின் புல்வெளி.
இரண்டு ஏக்கர். பதினொரு தென்னை, ஒரு வேம்பு,
கொடிக்கம்பம்,
வெள்ளைக்காரன் விட்டுப்போன துருப்பிடித்த பீரங்கி,
எதற்கென்று ஒருவருக்கும் தெரியாத சீமெந்து மூடி ஒன்று.

போன கிழமை பெட்டியில் வந்திறங்கியது மெசின்.
ஆமை உயரம். ஆட்டின் வாய்.
முகாமையாளர் ரிஸ்மி சொன்னார்:
"வதனி அக்கா, இதுக்குக் கண் இல்ல.
கம்பியை மட்டும்தான் தெரியும்.
கம்பிக்குள்ள கிடக்கிறதெல்லாம் வெட்டும், வெளியில போகாது.
நீங்க கம்பியைத் தாட்டுத் தந்தாச் சரி."

என்னைக் கேட்டது தற்செயல்தான்.
விண்ணப்பத்தில் அந்த ஆறு வருசத்தையும்
'தோட்ட வேலை' என்று எழுதியிருந்தேன்.
முழுப்பொய் இல்லை.
முகமாலையில் முதலில் வெட்டியது புல்லைத்தான்,
கத்தரிக்கோலால்,
ஒரு சாண், பிறகு இன்னொரு சாண்,
முழந்தாளில் நின்று, முகக்கவசத்தில் என் மூச்சே புகாராகி.
கீழே என்ன கிடக்கிறதென்று
புல்லுக்குத் தெரியாது.
அது பாட்டுக்கு வளரும்.

இங்கே பச்சை பிளாஸ்ரிக் முளைகள்.
தென்னையைச் சுற்றி ஒரு வளையம், பீரங்கியைச் சுற்றி ஒன்று.
வேர் புடைத்த இடத்தில் ஒரு கை அகலம் விட்டு,
சரிவின் கீழ்விளிம்பில் இன்னும் கூட விட்டு
(மழைக்கு வழுக்கினால் நேரே கடல்தான்),
நூல் பிடிக்காமலே நேராக வந்தது கோடு.
"எங்க பழகினீங்க?"
"முன்னம் ஒரு கம்பனியில."

முதல் நாள், மேட்டில் பாதி ஏறிச் சில்லு சுற்றி,
சேறு பூசிக்கொண்டு நின்று
கைபேசிக்குச் செய்தி அனுப்பியது:
நான் சிக்கிக்கொண்டேன், தயவுசெய்து உதவவும்.
எங்கள் ஆக்களில் ஒருவரும்
இவ்வளவு நேர்மையாய் ஒப்புக்கொண்டதில்லை.
இரண்டாம் நாள் குரும்பட்டி தின்றது.
மூன்றாம் நாள், கலியாணக்காரர் மறந்துபோன கதிரையோடு
ஒரு மணித்தியாலம் முட்டி முட்டி வழக்காடியது.

நாலாம் நாள் விடியப்புறம் மான்கள் வந்தன.
இந்த ஊர் மானுக்குக் கோட்டை வாசலும் ஒன்றுதான்,
பஸ் நிலையமும் ஒன்றுதான்.
கம்பியைப் பற்றி யார் அவற்றுக்குச் சொல்வது?
பெரியவை மெசினைப் பார்த்துச் சலிப்போடு விலகின.
குட்டி ஒன்று விலகவில்லை.
மேல்மூலையில், புல் உயர்ந்த இடத்தில்
மண்ணோடு மண்ணாய்ப் படுத்திருந்தது.
அசையாமல் கிடந்தால் ஒன்றும் ஆகாது என்று
பிறக்கும்போதே அதற்குத் தெரிந்திருக்கிறது.
எங்களுக்கும் முதல் நாள் பயிற்சியில் சொன்னது அதுதான்:
சந்தேகமென்றால் அசையாதே.

மெசினுக்கு வரிசை கிடையாது.
போகும், திரும்பும், எங்கேயோ நினைத்துக்கொண்டு வரும்.
இப்போது மூலைக்கு வந்துகொண்டிருந்தது.

ஓடினேன்.
முதுகிலிருந்த சிவப்புப் பொத்தானில் ஓங்கி அடித்தேன்.
கத்திகள் நின்றன.
குட்டியின் விலாவில் மூச்சு மட்டும் ஏறி இறங்கியது,
ஒரு முழ தூரத்தில்.

பிறகுதான் எனக்குக் கை நடுங்கத் தொடங்கியது,
குட்டிக்காக அல்ல.
திரும்பிப் பார்த்தேன்:
ஈரப் புல்லில் என் காலடிகள்,
பெரிய பெரிய எட்டுகள்,
முப்பது மீற்றர் இருக்கும்.
ஒரு முளையையும் எண்ணாமல்,
ஒருக்காலும் கீழே பாராமல்
நான் புல்லின்மேல் ஓடியிருக்கிறேன்.

பின்னேரம் அந்த மூலைக்கும் ஒரு வளையம் போட்டேன்.
"அங்க ஒண்டும் இல்லையே அக்கா" என்றார் ரிஸ்மி.
"இருக்கு" என்றேன்.
அவர் மேலே கேட்கவில்லை.

இப்போது அந்தத் துண்டில் புல் முழங்கால் மட்டும் நிற்கிறது.
நேற்று ஒரு விருந்தினர்,
கொழும்புக்காரர், கையில் தேநீர்க் கோப்பையோடு,
அதை மட்டும் ஏன் விட்டிருக்கிறீர்கள் என்று கேட்டாராம்.
மெசின் ஏறாத சரிவு என்று
ரிஸ்மி சொல்லிவிட்டார்.
அந்த மூலை மேசையைப் போலத் தட்டையானது.